ஏழுமலை காத்திருந்த காட்சி

செய்தியைக் கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர்தான். பிரசவ வார்டில் பகல் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். மில்லில் இருக்க வேண்டிய மனிதர் தலையெல்லாம் பஞ்சோடு வாசற்படியில் வந்து நின்றார். உள்ளே வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. நானே போய் என்னவென்று கேட்டேன்.

"உங்க ஏழுமலை போய்ட்டாரு தனம். காலையில, ரெட்டியார்பாளையத்துல, அவரு அக்கா வூட்ல. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாராம். அவ்ளோதான்."

இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. அன்று உச்சரித்தவர் கோவிந்தன், என் கணவர். எனக்கு எந்த அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது என்று தெரியவில்லை. திரும்பி வந்து மிச்சமிருந்த நான்கு கட்டிலுக்கும் மருந்து கொடுத்து முடித்தேன். ஏழுமலை அண்ணன் அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பார். "செத்தவனுக்கு இன்னாம்மா அவசரம்? சாகாம இருக்கறவனத்தான் ஓடிப் பாக்கணும்" என்பது இந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்ட அவர் வாக்கு. கை தன் பாட்டுக்கு மருந்து கொடுத்தது. கால்தான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்றது.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு நான் அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. நம் ரத்தப் பரிசோதனை அறையில் பதினெட்டு வருஷம் இருந்தவர் ஏழுமலை. கடற்கரைக் குப்பத்துப் பிள்ளை. அந்தக் குடும்பத்தில் கட்டுமரம் ஏறாமல் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் படி ஏறிய முதல் ஆள். வெள்ளைக்கார டாக்டர்கள் மரியாதையாக முசே ஏழுமலை என்பார்கள், நாங்கள் அண்ணன் என்போம். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. காபியையும் நின்றுகொண்டேதான் குடிப்பார், மைக்ராஸ்கோப்பையும் நின்றுகொண்டேதான் பார்ப்பார். இருப்புக்கொள்ளாத பிறவி. சினிமாக் கொட்டகையில் மட்டும் உட்காருவார், அதுவும் ஒரே ஒரு கதைக்காக.

எங்கள் வீட்டில் அவர் பெயர் அடைபட்டுப் போனதற்கும் அந்தக் கதைதான் காரணம். அதில் அவர் செய்த தப்பு சின்னது. நான் செய்தது பெரிது. இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னபோது எழுந்து நின்றேன், வாய் வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். நான் இங்கே சேர்வதற்கு முன்பே பிரசவத்தில் ரத்தம் போய் இறந்தவள். அன்று வராண்டாவில் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று பதினொரு ஆண்கள் நின்றார்களாம். எல்லோரும் நெஞ்சளவு அலையில் கட்டுமரம் தள்ளுகிறவர்கள். ஒருவரும் கையை நீட்டவில்லை. ரத்தம் கொடுத்தால் துடுப்புப் போட முடியாது, ஆயுசு குறைந்துவிடும், ஆண்மை போய்விடும் என்று ஆளுக்கொரு காரணம். இவர் அப்போது காரைக்காலில் வேலையாக இருந்தார். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பதினொரு பேரை அவர் திட்டி நான் கேட்டதே இல்லை. "அவங்க பயந்தாங்கொள்ளிங்க இல்லம்மா. குடுத்தவன் எழுந்து நடந்து போறத கண்ணால பாத்ததில்ல. அதான்" என்பார்.

ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறியபோது, வயதான டாக்டர் ஒருவர் தம் புத்தகங்களை அண்ணனிடம் விட்டுப் போனார். அதில் உலகம் முழுக்கப் பேர்போன ஒரு பேய்க்கதை, பிரெஞ்சு மொழிபெயர்ப்பில். செத்தும் சாகாத ஒரு பிரபு கழுத்தைக் கடித்து ரத்தம் குடிக்கிறான். நம் ஊர்ச் சொல்லில் ரத்தக் காட்டேரி. அண்ணனுக்குக் காட்டேரியில் அக்கறை இல்லை. நடுவில் ஓர் இடம் வருகிறது. ரத்தம் போய் வெளுத்துக் கிடக்கும் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள், ஒருவர் மாற்றி ஒருவர், தங்கள் ரத்தத்தைக் கொடுக்கிறார்கள். முதலில் கொடுத்தவன் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். மற்ற மூன்று பேரும் தாங்கள் கொடுத்ததை அவனிடம் சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். அந்தப் பக்கங்கள் மட்டும் விரல் பட்டுப் பட்டுப் பழுத்திருந்தன.

அதிலும் அவருக்கு ஒரு குறை உண்டு. "கதை எழுதின காலத்துல ரத்தத்துல வகை இருக்குதுன்னே எவனுக்கும் தெரியாது. நாலு பேரு ரத்தத்தையும் பாக்காம கொள்ளாம ஏத்தறானுங்க! அந்தப் பொண்ணு காட்டேரி கடிச்சா செத்துது? இந்த டாக்டருங்களாலதான் செத்துது" என்று மேஜையைத் தட்டுவார். கண்ணாடிக் குழாய்கள் கிணுகிணுக்கும்.

இந்தக் கதையைப் பல நாட்டில் பலமுறை படமாக எடுத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பிடித்தது சனி. ஊருக்கு எந்தக் காட்டேரிப் படம் வந்தாலும் போய், அந்த ரத்தம் கொடுக்கும் காட்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் குப்பத்து ஆண்கள் அத்தனை பேரையும் வண்டி பிடித்து அழைத்து வந்து காட்ட வேண்டும். அதுதான் அவர் திட்டம். சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

முதல் படம் பேசாத படம். பிரெஞ்சுக்காரர்கள் கூடும் ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டிப் போட்டார்கள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. இன்னொரு நர்ஸோடு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் எலி மாதிரிப் பல்லோடு ஒரு மொட்டைத் தலைக்காரன் மாடிப்படி ஏறுகிறான், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். அண்ணனோ முன்வரிசையில் மடியில் புத்தகத்தை விரித்து, டார்ச் அடித்துப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த மதாம் இரண்டு முறை உச்சுக்கொட்டினாள். வெளியே வந்ததும் கேட்டேன்.

"இல்லம்மா. அந்த எடத்தயே விட்டுட்டான்" என்றார், ஏதோ அவர் வீட்டுப் பத்திரத்தை யாரோ தொலைத்துவிட்டது போல.

அடுத்தது இங்கிலீஷ் பேசும் படம், கறுப்பு வெள்ளை, மதியக் காட்சி. அதில் பிரபு நன்றாக உடுத்திக்கொண்டு விருந்தாளி மாதிரி வந்தான். ரத்தம் ஏற்றிய விஷயத்தை ஒரு டாக்டர் போகிற போக்கில் ஒரே வரியில் சொன்னார். அத்தோடு சரி. அண்ணன் நாற்காலிக் கையை ஓங்கிக் குத்தினார். இடைவேளையில் கொட்டகைக்கு வெளியே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "காட்டேரி குடிக்கறத எல்லாரும் காட்டறான் தனம். மனுசன் குடுக்கறத எவனும் காட்ட மாட்டேங்கறான்."

ஐம்பத்து ஏழில் எனக்கே அந்த நிலைமை வந்தது. மகள் பிறந்து அரைமணிக்குள் ரத்தம் பெருகியது. நான் நின்று பார்த்த கட்டிலில் நானே கிடந்தேன். வெளியே நடந்ததெல்லாம் மற்ற நர்ஸுகள் பிறகு சொல்லிக் கேட்டது. என் அண்ணன்கள் இரண்டு பேரும் அறுப்பு வேலையைக் காரணம் சொல்லிப் பின்வாங்கினார்கள். என் மாமியார் வராண்டாவில் வழி மறித்து உட்கார்ந்துகொண்டார். "கண்டவன் ரத்தத்த எம்மருமவளுக்கு ஏத்தக் கூடாது. ஏத்தினா எம்புள்ள ரத்தம் ஏத்துங்க, இல்லாட்டி ஆண்டவன் வுட்ட வழி" என்றாராம். ஏழுமலை அண்ணன் என் கணவரை உள்ளே அழைத்துப் போய்க் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு கோவிந்தன் வெளியே வந்தார். சற்றுப் பொறுத்து ஒரு பாட்டில் ரத்தம் என் கட்டிலுக்கு வந்தது. பிழைத்தேன்.

அன்றிலிருந்து என் கணவருக்கு மில்லில் ஒரு தனி மரியாதை. சாப்பாட்டு வேளையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ! வீட்டில் சண்டை வந்தால்கூட, "ஒடம்புல ஓடறது என் ரத்தம், ஞாபகம் வச்சிக்கோ" என்பார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் நர்ஸ். கொடுத்தவர் பெயர் எழுதும் பதிவேடு பத்தடி தூரத்தில் இருந்தது. ஒரு நாள்கூட நான் அதைப் புரட்டவில்லை. புரட்டத் தோன்றவில்லை என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். நிம்மதியைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

அறுபதில் வந்தது வண்ணப் படம். அண்ணன் சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, "ஞாயித்துக்கெழம மேட்னி. கோவிந்து, நீயும் வா. மூணு பேருக்கும் சேத்து எடம் சொல்லிட்டேன்" என்று அவசரப்படுத்தினார். மூன்று நாற்காலியில் என் கணவரை நடுவில் உட்கார வைத்தார். சென்சார்காரர்கள் கத்தரியைத் தாராளமாகப் போட்டிருந்தார்கள். பிரபு வாயைத் திறப்பான், அடுத்த நொடி வேறு எங்கோ குதிரை வண்டி ஓடும். ஜனங்கள் விசிலடித்துத் தள்ளினார்கள். அண்ணன் முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்ததில் எங்கள் வரிசையே ஆடியது.

அப்போதுதான் அது வந்தது. கடிக்கிற இடமெல்லாம் வெட்டியவர்களுக்கு இதில் வெட்ட ஒன்றும் தெரியவில்லை போலும். ஒருத்தி வெளுத்துக் கிடக்கிறாள். பக்கத்தில் ஒருவன் சட்டைக் கையை மடித்துச் சாய்ந்திருக்கிறான். அவன் கையிலிருந்து அவள் கைக்கு ரப்பர் குழாய். டாக்டர் அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் அவன் எழுந்திருக்கிறான், தள்ளாடுகிறான், பிறகு நடந்தே போகிறான்.

"வுவாலா!" என்று பிரெஞ்சில் கத்திக்கொண்டு அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "வந்துடுச்சி! தனம், வந்துடுச்சி! பாத்தியா, நடந்து போறான் பாரு!"

"உக்காருய்யா!" என்று பின்னாலிருந்து சத்தம். திரும்பிச் சிரித்தவர் பார்வை நடுவில் இருந்த என் கணவர் முகத்தில் விழுந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. மெதுவாக உட்கார்ந்தார். அதற்கப்புறம் முழங்கால் ஆடவில்லை. என் கணவர் திரையைப் பார்க்கவில்லை. தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் வைத்து என் கணவர் கேட்டார்.

"அண்ணே, அன்னிக்கி என்னை இப்பிடிப் படுக்க வைக்கலியே. என்கிட்ட எடுத்தது எவ்ளோ?"

"ஒரு ஸ்பூனுகூட இருக்காது. சேருதான்னு பாக்கறதுக்கு. சேரல கோவிந்து."

"அப்ப அந்தப் பாட்டிலு?"

அண்ணன் சைக்கிள் மணியைத் திருகிக்கொண்டிருந்தார். "கேக்காத. கேட்டா சொல்லணும்."

"சொல்லுங்க."

"என்னுது. என்னுது எல்லாருக்கும் சேர்ற வகை. உங்கம்மா வாசல்ல உக்காந்திருந்தாங்க, நேரம் இல்ல. நீ பஞ்சோட வெளிய போனதப் பாத்து எல்லாரும் அவங்களாவே நெனச்சிக்கிட்டாங்க. நானும் வுட்டுட்டேன்."

என் கணவர் பூட்டைத் திறந்தார், என்னைப் பின்னால் ஏறச் சொன்னார், மிதித்தார். மூன்று வருஷம் மில் முழுக்கச் சொன்ன கதையைத் திருப்பி வாங்க முடியாத மனிதரின் முதுகு எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன்.

அன்று இரவே வீட்டில் விஷயம் மாமியார் காதுக்குப் போனது. "மீன்கார வூட்டு ரத்தமா!" என்று ஒரே கூச்சல். பிறகு கூச்சலை நிறுத்திவிட்டு அடுப்பில் வெந்நீர் வைத்தார். அண்டா நிறைய. தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வா என்றார். மூன்று வருஷத்துக்கு முன் ஏறிய ரத்தத்துக்கு அன்று முழுக்கு! உலகத்தில் எந்த வைத்திய சாஸ்திரத்திலும் இல்லாத வைத்தியம். சிரித்திருக்க வேண்டும். இல்லை, அந்த ரத்தம் இல்லாவிட்டால் உன் பேத்திக்கு இன்று தாய் இல்லை என்று கத்தியிருக்க வேண்டும். என் கணவரைப் பார்த்தேன், அவர் சுவரைப் பார்த்தார்.

முழுகினேன். இதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. உயிர் கொடுத்த மனிதரின் ரத்தத்துக்குத் தீட்டுக் கழித்து, தலை துவட்டிக்கொண்டு, சோறு தின்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை. அண்ணன் ஈரம் காயாத என் தலையைப் பார்த்தார். நம் பக்கத்தில் செவ்வாய், வெள்ளி அல்லாமல் எந்தப் பெண் தலை முழுகுவாள்? புரிந்துகொண்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஏத்தின ரத்தம் நாலு மாசந்தாம்மா ஒடம்புல இருக்கும். அப்புறம் ஒடம்பு அதுவா செஞ்சிக்கும். என்னுது எப்பவோ தீந்துபோச்சின்னு உங்க மாமியாருகிட்ட சொல்லு. இப்ப ஓடறது சுத்தமா உன்னுதுதான்" என்றார். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார், என் பக்கம் திரும்பவில்லை.

படம் அடுத்த வாரமும் ஓடியது. குப்பத்து ஆண்களை அவர் அழைத்து வரவில்லை. ஆறு வருஷம் காத்திருந்த காட்சி கைக்கு வந்தும் விட்டுவிட்டார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "இன்னொரு வூட்லயும் சண்டை வாணாம்மா" என்றார். என் ஒரு அண்டா வெந்நீர் எத்தனை பேர் ரத்தத்தைக் கரைத்துவிட்டது என்று நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வார்டில் பார்த்தால் வேலையைப் பற்றி மட்டும் பேசுவார். நடை மட்டும் இன்னும் வேகமானது.

இந்த ஆகஸ்டில் ஊர் சட்டப்படியும் பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போனது. வேண்டுகிறவர்கள் பிரெஞ்சுக் குடிகளாகவே இருந்துகொள்ளலாம், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அண்ணன் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். ஒரு நாள் பிரித்து என்னிடம் காட்டினார். "எந்தக் குடின்னு எழுதறது? நானும் தெனம் மைக்ராஸ்கோப்புல பாக்கறேன், ரத்தத்துல அதெல்லாம் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது." இரண்டு வருஷத்தில் அவர் என்னோடு சிரித்தது அந்த ஒருமுறைதான். சாகும்போதும் தாள் பையில் இருந்ததாம், எழுதாமல்.

அவரைக் குப்பத்துச் சுடுகாட்டுக்குத்தான் கொண்டுபோனார்கள். பெண்கள் போவதில்லை. என் கணவர் போனார். போகச் சொல்லி நான் கேட்கவில்லை. தானாகவே பாடைக்குத் தோள் கொடுத்தாராம். சிதை எரியும்போது யாரோ, நீங்க யாரு, அவருக்கு இன்னா வேணும் என்று கேட்டிருக்கிறார்கள். கோவிந்தன் அத்தனை ஆண்களுக்கு நடுவில் சொல்லியிருக்கிறார்: "எம்பொண்டாட்டி இவரு ரத்தத்துலதான் பொழச்சா. நான் குடுத்தேன்னு மூணு வருசம் பொய்யா பீத்திக்கிட்டேன்."

மூன்றாம் நாள் காலை என் கணவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பின்னால் குப்பத்திலிருந்து ஐந்து பேர். நேரே பரிசோதனை அறைக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்துப் படுத்துக்கொண்டார். புதிதாக வந்திருக்கும் ஊழியர் சின்ன ஊசியை எடுத்ததும், "ஸ்பூன் அளவுல எடுக்காதீங்க. பாட்டில்ல எடுங்க" என்றார். ஐந்து பேரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பாட்டில் நிறைந்தது. எழுந்தார், லேசாகத் தள்ளாடினார், சுவரைத் தொட்டுக்கொண்டார், பிறகு நடந்து வெளியே போனார். அந்த ஐந்து பேரில் நான்கு பேர், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். அண்ணனுடைய தங்கை இறந்த அன்று வராண்டாவில் நின்றவர்களில் ஒருவர் அவர் என்று பிறகு தெரிந்தது. நான் மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் அழுதேன்.

அண்ணனுடைய புத்தகத்தை அவர் அக்கா எனக்குக் கொடுத்தார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. வைத்திருக்கிறேன். ஆனால் அவருடையதென்று நான் வைத்திருப்பது அதுவல்ல. நாலு மாதம் என்று சொன்னாரே, அந்தக் கணக்கை அண்ணன் முழுதாகப் போடவில்லை. அந்த நாலு மாதமும் என் மகள் என்னிடம் பால் குடித்தாள். ரத்தம்தான் பாலாக ஊறுகிறது, நல்லா தின்னு என்று அப்போது எனக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றி ஊற்றிப் போட்டவர் என் மாமியார்தான். அவர் மடியை விட்டு இறங்காத பேத்திக்கு இப்போது ஐந்து வயது. நிற்கச் சொன்ன இடத்தில் நிற்க மாட்டாள்.

இதை மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் சொல்லப் போகிறேன். அவர் வெந்நீர் வைத்தால் வைக்கட்டும். இந்த முறை நான் முழுக மாட்டேன்.